வேண்டுதல் கூடை

மாடியில் நின்ற பாலகுருவின் கையிலேயே மாம்பழம் இருந்தது. சாமி நாலு வீட்டுத் தூரத்துக்கு வந்துவிட்டார்.

தெருவில் எள் போட்டால் விழ இடமில்லை. மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பதும், கீழே நிற்பவர்கள் முட்டிமோதிப் பிடிப்பதும் காரைக்காலில் வருஷா வருஷம் நடப்பது.

வங்கதேசப் போருக்குப் போன புருஷன் பாலகுரு உயிரோடு திரும்பினால் ஒரு கூடை இறைப்பதாக அல்லி வேண்டிக்கொண்டிருந்தாள். அதுவும் அவர் கையாலேயே இறைப்பதாக வேண்டித் தொலைத்திருந்தாள்.

வந்தார். உயிர் மட்டும்தான் வந்தது. தூக்கத்தில் அலறினார். பகலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். போன வருஷம் மாடிக்கே ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

ஊர் சும்மா விடுமா? பேய் பிடித்திருக்கிறது என்றது. கோழை என்றது.

அல்லியின் அண்ணன் குஞ்சிதபாதம் நெரவியிலிருந்து வந்து கறாராகச் சொல்லிவிட்டான். இந்த வருஷமும் வேண்டுதல் நிறைவேறாவிட்டால் தங்கச்சியை அழைத்துப்போய்விடுவானாம். இதோ, கீழே முன்வரிசையில் அவனே நிற்கிறான்.

வெடிச் சத்தம்தான் அவரை இப்படிப் படுத்துகிறது என்று அல்லி நினைத்திருந்தாள். காலையிலேயே வேட்டுப் போடுகிறவரிடம் போய், எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். நல்ல மனுஷன், போடவில்லை.

அப்புறமும் ஏன் இவருக்கு இப்படி வேர்த்துக் கொட்டுகிறது?

சப்பரம் வாசலுக்கு வந்து நின்றது. பக்கத்து மாடிகளிலிருந்து பழங்கள் பறந்தன. தெரு முழுக்கக் கைகள் உயர்ந்தன.

"மாப்ள, போடுங்க!" குஞ்சிதபாதமும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினான்.

பாலகுருவின் விரல்கள் பழத்துக்குள் இறங்கின. சாறு முழங்கைவரை வழிந்தது.

"போட்டுடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" அல்லிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வேட்டுகூட இல்லியே, இன்னும் என்ன பயம்?"

"வேட்டுக்கு யாரு பயந்தா?" அவர் கண் தெருவை விட்டு நகரவில்லை. "கையைத் தூக்கிட்டு நிக்கிறாங்க அல்லி. அன்னிக்கும் பதுங்குகுழியிலேர்ந்து இப்படித்தான் கையைத் தூக்கிட்டு வந்தாங்க. நான் குண்டை எறிஞ்சிட்டேன்."

ஒன்றரை வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்தும் அல்லிக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே, பாவி!

சப்பரம் நகரத் தொடங்கியது.

கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பை வெளியே நீட்டி, மேளத்தையும் மீறிக் கத்தினாள்.

"அண்ணே, கையை எறக்கு! எல்லாரும் எறக்குங்க! துண்டை விரிங்க, மடியை ஏந்துங்க!"

மாங்கனிக்கு மடி ஏந்துவதா? குஞ்சிதபாதம் திருதிருவென்று முழித்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கித் தோள்துண்டை விரித்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையை ஏந்தினார்கள். அந்த வாசலில் மட்டும் ஒரு கைகூட மேலே இல்லை.

சாமி அடுத்த வீட்டைத் தாண்டிய பிறகு, நசுங்கிய பழம் ஒன்று அந்தத் துண்டில் வந்து விழுந்தது.