முந்திப் பாடும் பயல்

“அந்தப் பயலுக்கு எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? மறுபடியும் என்னை முந்திட்டான்!”

பாடகர் வெர்லின் ஹெட்போனைக் கழற்றினார். எண்பத்திரண்டு வயதில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக்கூடத்தில், அவருடைய கடைசி ஆல்பம். முதுமையையும் சாவையும் பற்றித்தான் எல்லாப் பாட்டும். இது ஒன்றுதான் இரட்டைக் குரல் பாட்டு.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் டெஸ்ஸா சிரித்தாள். “அவன் நிறுத்த மாட்டான் சார். நீங்கதான் ஈடு கொடுக்கணும்.”

“‘சாகிற வரைக்கும் உன்னை விட மாட்டேன்’னு எவ்வளவு சுலபமாப் பாடறான்! சாவைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?” அந்த வரியில்தான் அவர் ஒவ்வொரு முறையும் பின்தங்கினார்.

“எனக்கென்னவோ அவன் குரல்தான் பிடிச்சிருக்கு” என்றாள் டெஸ்ஸாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஒனீடா.

வெர்லினுக்குச் சுருக்கென்றது. “ஐம்பத்தெட்டு வருஷம் உன்கூடக் குப்பை கொட்டியிருக்கேன். நீ அவன் பக்கமா?”

“அவன் குரல்ல மயங்கித்தானே வந்தேன்!”

டெஸ்ஸா பழைய ஒலிநாடாவை மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றினாள். அதன் அட்டைப் பெட்டியில் மங்கிய எழுத்து: ‘வெர்லின் டாக்கெட், வயது 23. 1966.’

ஒனீடா எழுந்து உள்ளே போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் வாயால சொல்லிட்டுப் போயிட்டான். செஞ்சு காட்டினது நீங்கதான். இப்பப் பாடுங்க.”