மேடம் கேட்ட டவர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதி இல்லை இது.

இரண்டு செல்போன் கம்பெனிகள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெரியது சின்னதை விழுங்கப் போகிறது. பேப்பரில் மட்டும் மரியாதையாக ‘இணைப்பு’ என்று போட்டிருந்தார்கள்.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இந்தச் சின்னதின் மேல் என்ன கண்? அலைவரிசைதான். முன்னொரு ஏலத்தில் பெரிய கம்பெனி அள்ளிக்கொண்டு போனது வேகமான அலைவரிசை. பறக்கும், ஆனால் குறுக்கே ஒரு சுவர் வந்தால் படுத்துவிடும். சின்ன கம்பெனியின் முதலாளி மேடம் எடுத்ததோ, யாருமே சீந்தாத மெதுவான அலைவரிசை. அது மலை ஏறும், சுவர் தாண்டும், லிஃப்டுக்குள்ளேயும் கூடவே வரும். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தவர்கள்தான் இன்றைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு பேரம் பேச வந்திருந்தார்கள்.

இதில் டவர்காரருக்கு ஏகப் பெருமை. சின்ன கம்பெனியின் தலைமை என்ஜினியர் அவர். வண்டி ஏறாத மலைக்கு இரும்பைத் தோளில் தூக்கிப் போய் டவர் நிறுத்தியவர். அதிலிருந்து ஆபீசில் எல்லோருக்கும் அவர் டவர்காரர்தான். வீட்டில் பெண்டாட்டியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

பேச்சுவார்த்தையின் கடைசி நாளில், அந்த மலை டவரிலேயே கை வைத்தார்கள்.

“இதைக் கழட்டிடலாம்,” என்றார் பெரிய கம்பெனியின் சேர்மன். “உங்க அலைவரிசையை முழுசா இன்டர்நெட்டுக்கு மாத்தப் போறோம். அந்த மலையில எல்லாம் இன்டர்நெட் ஓடாத பட்டன் போன். அங்க போய்ப் புது மெஷின் வெச்சா நமக்குக் கட்டுப்படியாகாது.”

டவர்காரர் எழுந்துவிட்டார். “சார், அந்தப் பக்கம் வேற சிக்னலே கிடையாது. ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னாகூட...”

“உக்காருங்க என்ஜினியர். இது கம்பெனி, தர்ம சத்திரம் இல்ல.”

டவர்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ‘அழுத்தக்காரி’ என்று ஆபீசில் சும்மாவா சொல்கிறார்கள்!

கையெழுத்துக்கு முன்னால் பெரிய கம்பெனிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியைக் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம், “உங்களுக்குன்னு என்ன வேணும்?” என்று கேட்பார்கள். கார் கேட்கலாம், வீடு கேட்கலாம், பதவி கேட்கலாம். கேட்டது கிடைக்கும். ஆனால் ஒன்றுதான்.

சேர்மன் கேட்டார். “போர்டுல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கோம். அதைத்தானே கேக்கப் போறீங்க?”

“இல்ல சார். அந்த மலை டவர் பத்து வருஷம் அப்படியே நிக்கணும். பட்டன் போன் பேசணும். ஒப்பந்தத்துல எழுதிடுங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?”

“இருக்காங்க. வயசானவங்க. போன்தான் அவங்களுக்கு உயிர்.”

“யாரு, அம்மாவா?”

மேடம் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தார்.

சேர்மன் மேசையைத் தட்டினார். “அட, இவ்வளவுதானா! பெத்தவளுக்கு ஒரு டவரைக் கொடுக்க முடியலைன்னா நான் என்ன சேர்மன்? எழுதுய்யா வக்கீலே. மேடம், அம்மாவை நான் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க. என் வணக்கத்தையும் சொல்லுங்க.”

டவர்காரருக்கு முகம் சுண்டிப்போனது. டவர் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் பிழைத்த விதம் முள்ளாகக் குத்தியது. லிஃப்டில் இரண்டு பேர்தான். கதவு மூடியதும் கொட்டிவிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். ஊருக்குன்னு நான் கேட்டப்போ நீங்க வாயத் தொறக்கல. உங்க வீட்டுக்குன்னதும் டவர் நின்னுடுச்சு.”

“நின்னுடுச்சில்ல?”

“நின்னுடுச்சு. இருந்தாலும், உங்க அம்மா ஒருத்தருக்காக...”

“எங்கம்மா தவறிப்போய் ரொம்ப வருஷம் ஆச்சுங்க. அந்த மலையை அவங்க கண்ணால பார்த்ததுகூட இல்ல.”

டவர்காரர் சட்டென்று மேடம் பக்கம் திரும்பினார்.

“ஊருக்குன்னு கேட்டீங்க, லாபக் கணக்குப் பார்த்தாரு. எனக்குன்னு கேட்டேன், வள்ளலாயிட்டாரு. அம்மான்னு நானா சொன்னேன்? அவரா நினைச்சுக்கிட்டாரு. பாவம், அவர் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும்?”

“அப்போ... அந்த போர்டு நாற்காலி?”

“நீங்க போட்ட டவர் அளவுக்கு அதுக்கு உயரம் பத்தாதுங்க.”

டவர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் அந்த இரும்பின் தழும்பு இன்னும் இருக்கிறது. சட்டைக்கு மேலாகவே அதை ஒரு தரம் தடவிக்கொண்டார். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் இரும்புச் சுவர். மேடம் தன் போனை எடுத்தார். சிக்னல் முழுசாக இருந்தது. ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

“மலை ஆஸ்பத்திரிங்களா? பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா இருக்காங்களா? ... சேர்மன் ஐயா உங்களை ரொம்ப விசாரிச்சாரும்மா. வணக்கம் சொல்லச் சொன்னாரு.”