பிலாத்து திரும்பிப் போகாத வருஷம்

மானுடத்தின் ஆகப்பெரிய கேள்விக்கு அன்று பங்குக்கோயிலில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடக மேடையில் விடை கிடைக்கவிருந்தது. ஆயுள் முழுக்கத் தத்துவம் கற்பித்தும் விசுவாசம் வாய்க்காத பேராசிரியர் ஞானாதிக்கம், இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து வேஷத்தில் "உண்மை என்றால் என்ன?" என்று கேட்டார். கேட்டதும் திரும்பிப் போக வேண்டிய பிலாத்து, இந்த முறை போகாமல் பதிலுக்காக நின்றார்.

"சார், போங்க. அடுத்து நீங்க கையக் கழுவுற சீன்," என்று கிசுகிசுத்தான் இயேசுவாக நின்ற வெல்டர் சூசைமாணிக்கம்.

"தெரிஞ்சா சொல்லிடுப்பா," என்றார் அவர்.

சூசைக்குள்ளிருந்து வேறு யாரோ, பேராசிரியருடைய பொய்களையெல்லாம் கூட இருந்து பார்த்தவர்போல, இமைக்காமல் பார்க்கத் தொடங்கினார். பேராசிரியரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"நடிப்புன்னா இதுதாண்டா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

இருவரும் அப்படியே நிற்க, மைக்குக்குப் போலீஸ் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதால் அந்த வருஷம் உயிர்த்தெழுதல் நடக்கவில்லை.