தேயாத சிலிண்டர்

“சிலிண்டரை மட்டும் உலையில வச்சு நைட்ரைடிங் பண்ணிக் கெட்டியாக்கும்மா. அதுக்குள்ளே ஓடுற என் பிஸ்டன் ரிங்கைத் தொடாதே” என்றார் இன்ஜின் கம்பெனி முதலாளி.

மூன்று வருடத்துக்கு முன்பு, தன் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த அவளுடைய ரிப்போர்ட்டைக் கிழித்து, வேலையை விட்டும் துரத்தியவர். சுற்றுவட்டாரத்தில் இந்த உலை இப்போது அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

“நீங்க சொன்னபடியே சார்.”

அவர் போனதும் உலை ஆபரேட்டர் கிசுகிசுத்தார். “பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு மேடம். சூட்டைக் குறைச்சுடுவோம், ஒரே வாரத்துல தேஞ்சுடும்.”

“போங்கண்ணே, என் வேலையில நானே குறை வைப்பேனா?”

வார்ப்பிரும்பு சிலிண்டர் உலையில் இருந்த இருபது மணி நேரமும் அவள் இடத்தை விட்டு அசையவில்லை.

பத்தாம் நாள் முதலாளி போனில் சீறினார். “என்ன செஞ்சு தொலைச்சே? ஆர்டர் தர வந்தவங்க முன்னாடியே இன்ஜின் புகையாக் கக்குது. ஆர்டர் போச்சு.”

“சிலிண்டர் தேஞ்சுடுச்சா சார்?”

“அதுல ஒரு கீறல்கூட இல்ல. உள்ளே உரசுற ரிங்குதான் மொத்தமாத் தேஞ்சுபோச்சு.”

“ஒண்ணை மட்டும் கெட்டியாக்கினா இன்னொண்ணு தேயும்னுதான் சார், நீங்க கிழிச்ச ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன்.”