வெள்ளிக்கிழமை ஜோடி

1961ஆம் ஆண்டு, ஆவுடையார்கோவில் பங்கிராஸ் வாத்தியார் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, ஒரே அளவுள்ள இரண்டு ஏஞ்சல் மீன்களை இணை சேர்க்க முனைந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரவிருந்த பள்ளி இன்ஸ்பெக்டரிடம் ஜோடியைக் காட்டுவதாக வாக்களித்திருந்தார்.

"ஒண்ணு சிறுசா இருக்கணுங்க சார். இல்லாட்டி அடிச்சுக்கிரும்" என்றார் மீன் கொண்டுவந்த குழந்தைசாமி.

"வலை இழுக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியாக்கும்!"

வியாழனன்று ஒரு மீன் குதறப்பட்டுச் செத்து மிதந்தது. மனைவி சந்தனமேரி அதைக் கொல்லைச் செம்மண்ணில் புதைத்தாள்.

வெள்ளியன்று தொட்டியில் இரண்டு மீன்கள் இணைந்து நீந்தின. ஒன்று சற்றே சிறுத்திருந்தது. அது செவுளைத் திறந்தபோதெல்லாம் நீரில் செம்மண் கரைந்தது.

இன்ஸ்பெக்டர் மெச்சிவிட்டுக் கிளம்பினார்.

"நான்தானேங்க புதைச்சேன்..." என்றாள் சந்தனமேரி.

வாத்தியார் அவளை ஏளனமாக நோக்கினார்.

"ஒரு மீனை ஒழுங்காப் புதைக்கக்கூட ஒனக்குத் துப்பில்லை."