கைப்பக்கம் கடல்

"ஓ.எம்.ஆர். போலாமா, ஈ.சி.ஆர். போலாமா?" திருவான்மியூர் சிக்னலில் சாய்சரண் கேட்டான். "ஈ.சி.ஆர்.னா வியூ நல்லா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நீரஜா அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அறைந்துவிடுவாள். ஆனால் அவளோடு தி. நகர் ஆபீஸில் வேலை செய்கிறவர்களில் கார் வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கூப்பிட்டால் மயிலாப்பூரிலிருந்து ஓடி வருகிறவன், அவன் ஒருத்தன்தான்.

"ஈ.சி.ஆர். மெதுவா போ. நான் இன்னா பிக்னிக்கா போறேன்."

அம்மாவைக் காணவில்லை.

நேற்றுக் காலை நீரஜா வேலைக்குக் கிளம்பியதும், பெரும்பாக்கம் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு சுலோச்சனா நடந்து போயிருக்கிறாள்.

அது வீடே இல்லை என்பது சுலோச்சனாவின் கட்சி. அடையாற்றங்கரையில் இருந்ததுதான் வீடு. ஆற்றை அழகுபடுத்தப் போகிறோம் என்று அதை இடித்து, இவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் எட்டாவது மாடியில் அடைத்தார்கள். இவர்கள் இருந்ததுதான் ஆற்றுக்கு அசிங்கம் போலிருக்கிறது.

அங்கே போன கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கு வாதம் அடித்தது. வலது கை விழுந்தது. புத்தியும் கலங்கிப்போனது. அன்றிலிருந்து ஒரே பேச்சு.

"வா, வூட்டுக்குப் போலாம்."

போயேவிட்டாள்.

பழைய இடத்தில் போய் நின்று பார்த்தாகிவிட்டது. வீடு இருந்த இடத்தில் கம்பிவேலி இருக்கிறது. அம்மா இல்லை.

ஓ.எம்.ஆர். பஸ் ஸ்டாப்புகளில் பார்ப்பதாகப் போலீஸ் சொன்னது. அம்மா பஸ் ஏற மாட்டாள். போர்டு படிக்கத் தெரியாது, அடுத்தவரைக் கேட்டு ஏற ரோஷம் விடாது. பாலவாக்கத்துக் கரையில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்துகொண்டு அடையாறு திரும்பிய அத்தனை வருஷமும் அவள் நம்பியது ஒரே ஒரு அடையாளத்தைத்தான். சின்ன வயசில் நீரஜாவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள்.

"எங்க தொலைஞ்சாலும் சமுத்திரத்தைத் தேடுடி. சாப்பிடுற கைப்பக்கம் அத்த வெச்சிக்கினு நடந்துகினே இரு. ஆத்து வாய் வந்துடும். அப்பறம் வூடுதான்."

அதனால்தான் இந்த ரோடு. பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் தாண்டி அக்கரைக்கு வந்தால் கடல். கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டால் நேரே வடக்கு. எதிரில்தான் வந்துகொண்டிருப்பாள். வந்தாக வேண்டும்.

ரோடெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர்கள், சன்ரூஃபில் தலையை நீட்டிக் கத்துகிற பிள்ளைகள், கடலைப் பார்த்தபடி காபி குடிக்கலாம் என்று கூப்பிடுகிற போர்டுகள். நீரஜா கடலைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்தையும் மூடிய கடைகளின் படிகளையும் பஸ் ஸ்டாப் பெஞ்சுகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ட இடத்திலெல்லாம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"பச்சைப் புடவை. வலது கை தொங்கிப்போய் இருக்கும். இந்தப் பக்கம் நடந்து வந்தாங்களா?"

டீக்கடையில் கேட்டாள். பெட்ரோல் பங்கில் கேட்டாள். குப்பை அள்ளுகிற அக்காக்களிடம் கேட்டாள். அதே வார்த்தைகள். சொல்லிச் சொல்லி வாய் மரத்துவிட்டது.

நீலாங்கரையில் இளநீர்க்காரர் மட்டும் யோசித்துப் பதில் சொன்னார். "நேத்து பூரா இங்கதான் குந்திக்கினு இருந்தேன் பாப்பா. இப்டி வந்திருந்தா என் கண்ணுல படாம போவாது."

அக்கரை சிக்னலுக்கு வந்துவிட்டார்கள்.

வழியில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைச் சாய்சரண் பிரித்து அவள் மடியில் வைத்தான். "நேத்துலேர்ந்து பட்டினி. ரெண்டு வாய் சாப்பிடு. யூடர்ன் போட்டு இன்னொரு தரம் பார்க்கலாம். இல்ல, ரைட் எடுத்து ஓ.எம்.ஆர்.ல தேடலாம். நீயே சொல்லு."

நீரஜா இட்லியைப் பிட்டாள். பிட்ட துண்டு வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

அம்மா இப்போதெல்லாம் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. பெற்ற மகள் முன்னால்கூட இல்லை. தட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். "பாக்காத, அப்பால போ" என்பாள். பீச்சாங்கையால் தின்கிற வெட்கம்.

நீரஜாவும் பார்த்ததில்லை. அந்த மரியாதையையாவது அவளுக்குக் கொடுப்போம் என்று எழுந்து போய்விடுவாள்.

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின.

"நேரா போ."

"நேரான்னா மகாபலிபுரம், நீரஜா. வீட்டுக்கு எதிர்ப்பக்கம்."

"தெரியும். போடா."

வலது கை தொங்கிப்போய் இருக்கும் என்று காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது அவள்தான். டிகிரி படித்தவள்.

கார் சிக்னலைத் தாண்டியது. சவுக்குத் தோப்பு விட்ட இடைவெளியில், அவளுடைய இடது பக்க ஜன்னலில், கடல் கூடவே வந்தது.

அம்மா வழி தப்பவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே நடந்திருக்கிறாள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் முட்டுக்காடு. அங்கேயும் ஓர் ஆத்து வாய் இருக்கிறது.