ஊர்சுற்றி

திறக்காத பாட்டிலுக்குள் நெயில் பாலிஷ் இருந்தது.

அதாவது, அதன் ஆவி. மூக்குக்குத் தெரியாத அளவு. எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவியா விடும்? அப்பட்டமாகப் போட்டுக் கொடுத்துவிட்டது.

ஆற்றுநீர் பிடிக்கப் போகிற வண்டியில் சுத்த நீர் நிரப்பிய ஒரு பாட்டிலும் கூடவே போய்வரும். யாரும் அதைத் திறப்பதில்லை. வண்டிக்குள் ஏதாவது நெடி இருந்தால் மூடி வழியாக அதில் இறங்கிவிடும். இறங்கியிருந்தால் அன்றைக்குப் பிடித்த தண்ணீர் எதுவும் செல்லாது. நாங்கள் அதற்கு வைத்த பேர் ஊர்சுற்றி.

அன்று வண்டி எடுத்துப் போனவர் என் கணவர்.

எங்கள் வீட்டில் நெயில் பாலிஷ் கிடையாது. கல்யாணமான புதிதில் என் விரல்களைப் பார்த்த மாமியார், குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்றார். அன்றைக்கே துடைத்துப் போட்டேன்.

அப்படியானால் இது எவளுடைய நகம்?

கருவியைக் கழுவிவிட்டு மறுபடி சோதித்தேன். அதே பதில்.

அவரைக் கூப்பிட்டு, வண்டியில் யார் ஏறினார்கள் என்று கேட்டேன். யாருமில்லை என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது இரண்டும் சிவந்துவிட்டன.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. பிடித்து வந்தது எல்லாம் செல்லாது, நாளைக்குத் திரும்பப் போக வேண்டும், நானும் கூட வருவேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

வீடு வரும்வரை யாரோ ஒருத்திக்கு நான் மனதுக்குள் முகம் வரைந்துகொண்டே வந்தேன். நன்றாகவே இருந்தாள், சனியன்.

கூடத்தில் மாமியார் இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர் பட்டுவிட்டது, மருந்து போட்டாயிற்று, நீ ஒன்றும் பார்க்க வேண்டாம் என்றார். சொன்னது என்னிடம், பார்த்தது மகனை. மகன் அவசரமாகச் செருப்பை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

நான் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தேன்.

ஐந்து விரலும் செக்கச்செவேல். நகத்தில் பாதி, சதையில் பாதி.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, போன உயிரும் வந்தது.

"ஓடுற வண்டியில போட்டா இப்படித்தான் அப்பிக்கும் அத்தை. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? எடுங்க, அந்தக் கைக்கு நான் போட்டு விடறேன்."